மேல் பாதியை மடிக்கச் சொன்னார்கள்

பிரெஞ்சு பேசும் குளிர் நகரமொன்றின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஈராக்கிலிருந்து வந்த ஒரு பெண் தனியாகக் குடியிருந்தார். நான் அவரை அன்ரி என்பேன். பாஸ்ரா நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் இரசாயனம் படிப்பித்தவர். உருவத்தில் சிறியவர். ஆனால் அவர் படியேறும் சத்தம் கேட்டால் அம்மா கதவை நீக்கிப் பார்ப்பார். "எப்பிடி நிமிர்ந்து நடக்கிறா பார்" என்பார்.

இருவருக்கும் பொதுமொழி கிடையாது. அன்ரிக்குப் பிரெஞ்சு, அம்மாவுக்கு மட்டக்களப்புத் தமிழ். நடுவில் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு மொழியும் தெரியும் என்ற கர்வம் இருந்தது. இரண்டிலும் பாதிச் சொற்கள் தெரியாது.

அந்தக் குளிர்காலம் முழுவதும், அமெரிக்கா ஈராக்கின் மேல் படையெடுக்கப் போகிறது என்று தொலைக்காட்சி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து நகரத்தின் நடுவே சனிக்கிழமை ஓர் ஊர்வலம் நடக்க இருந்தது. அன்ரி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதில் பிரெஞ்சில் இரண்டு வரிகளைக் கறுப்புச் சாயத்தால் எழுதியிருந்தார். இரு பக்கமும் தடி நுழைக்கும்படி மடித்துத் தைத்துத் தரவேண்டும். அம்மாவிடம் தையல் மெஷின் இருந்தது.

என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். கீழ் வரி சுலபம், குண்டு வேண்டாம். மேல் வரியில் 'டிக்தாத்தர்' வேண்டாம் என்றிருந்தது. சர்வாதிகாரி என்ற தமிழ்ச் சொல் எனக்கு அப்போது தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாராவாரம் 'டிக்தே' என்று சொல்வதெழுதல் வைப்பார்கள். ஆகவே அது சொல்வதெழுதல் வாத்தியாராகத்தான் இருக்கவேண்டும் என்று தீர்மானித்து அப்படியே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "விளங்குது. அவர் சொல்லுவார், சனம் எழுதவேணும்" என்றார்.

பிறகு, "அந்த ஆளை விழுத்தத்தானே அமெரிக்காக்காரன் வாறான். இவ ஏன் ரெண்டு பேரையும் வேண்டாமெண்டுறா? கேள் மகள்" என்றார்.

அன்ரி சொன்ன பதில் நீளமானது. நான் துண்டு துண்டாகத்தான் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவருடைய பாட்டனார் காலத்தில் பிரித்தானியர் வந்தார்களாம். எதிர்த்த ஊர்களின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டுவிட்டு, வேறு தேசத்திலிருந்து ஓர் அரசரைக் கொண்டுவந்து இருத்தினார்களாம். சிம்மாசனம் அரசருக்கு, எண்ணெய் அவர்களுக்கு. பின்னாளில் அந்த அரச குடும்பத்தைப் பட்டாளத்து அதிகாரிகள் கொன்றார்கள். பிறகு அதிகாரிகள் ஒருவரையொருவர் கவிழ்த்தார்கள். கடைசியில் மிஞ்சியவன்தான் இவன். பக்கத்து நாட்டோடு இவன் சண்டை பிடித்தபோது மேற்கு நாடுகள் கைகொடுத்தன. அவனோடு பகைத்துக்கொண்ட பிறகு அவர்களே, எழும்புங்கள், நீங்களே அவனை விழுத்துங்கள் என்று சனத்துக்குச் சொன்னார்கள். பாஸ்ராவில் சனம் எழும்பியது. அன்ரியின் தம்பியும் எழும்பினார். எழும்பச் சொன்னவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவேயில்லை.

"எங்களை எங்கள் பாட்டில் ஒருநாளும் விட்டதில்லை. அதனால்தான் இப்படிப்பட்டவன் வந்தான்" என்றார் அன்ரி. அம்மா மெஷினை மிதித்தார்.

பதாகையின் மறுமுனையைப் பிடிக்க அன்ரியின் சிநேகிதி ஒருவர் வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலை அவர் ஃபோன் எடுத்து, பக்தாத்தில் இன்னும் அம்மா அப்பா இருக்கிறார்கள், என் முகம் வெளியே தெரிந்தால் அவர்களுக்கு ஆபத்து, மன்னித்துக்கொள் என்றாராம். எங்கள் அப்பா டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் வேலைக்குப் போயிருந்தார். போகும்போதே, "எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பொலிஸ் நிக்கிற இடத்துக்குப் போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அம்மாவும் ஓம் என்றிருந்தார்.

"மெட்ரோ வரைக்கும் தூக்கிக் குடுப்பம்" என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். மெட்ரோ வந்தது. கதவு திறந்தது. அம்மா தடியை விடாமல் உள்ளே ஏறிவிட்டார்.

அப்படியொரு குளிரை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. கண்ணிமை ஒட்டிக்கொண்டது. தெரு கொள்ளாத சனம். நடந்து கொஞ்ச நேரத்தில் ஒழுங்குபடுத்தும் இளைஞர் ஒருவர் எங்களிடம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். இன்றைக்குப் போரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம் மேடம், மேல் வரியைத் தொலைக்காட்சியில் காட்டினால் போர் வேண்டும் என்பவர்களுக்கு அது வசதியாகிவிடும், மேல் பாதியை மட்டும் மடித்துப் பிடியுங்கள் என்றார்.

அன்ரி அவரை நேராகப் பார்த்தார். "எந்த நாள் வந்து விரிக்கலாம்? ஒரு நாளைச் சொல்லுங்கள், மடிக்கிறேன்" என்றார்.

இளைஞர் மறுமுனையில் நின்ற அம்மாவிடம் திரும்பினார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா எனக்குச் சொன்னார்: "நாங்கள் மடிக்க மாட்டம் எண்டு சொல்லு. எங்கட ஊரிலயும் வெளியில இருந்து வந்தவன், ஊருக்குள்ள நிண்டவன், எல்லாரும் பேந்து, பிறகு பாப்பம் எண்டுதான் சொன்னவங்கள். பேந்து கதைக்க ஆளிருக்கேல்லை."

இவ்வளவையும் பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அம்மா மாட்டாராம்" என்றேன். இளைஞர் தலையசைத்துவிட்டுப் போனார். எங்களுக்கு முன்னால் போனவர்கள் கொஞ்சம் வேகமாக நடந்து இடைவெளி விட்டார்கள். அந்த வெறும் தெருவின் நடுவே அம்மாவும் அன்ரியும் துணி தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஓரத்தில் பொலிஸ்காரர்கள் நின்றார்கள். அம்மா அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாமான் வாங்கப் போனால் கடைக்காரரிடம் விலை கேட்கக்கூட என்னைத் தள்ளிவிடுகிற அம்மா அவர்.

போர் வந்தேவிட்டது. பக்தாத்தில் அவனுடைய சிலையை அமெரிக்கப் பட்டாள வண்டி இழுத்து விழுத்தியதை அன்ரி எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். எங்கள் கட்டடத்தில் ஒருவர் இனிப்புக் கொண்டுவந்தார். அன்ரி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அதையும் அவர்களேதானா இழுக்கவேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஞாபகத்தில் நிற்பது ஊர்வலம் முடிந்து மெட்ரோவில் திரும்பி வந்ததுதான். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். இருவருக்கும் விரல் மரத்துப்போயிருந்தது. அன்ரி என்னிடம், "உன் அம்மா யாரை இழந்தார் என்று கேள்" என்றார். கேட்டேன். அம்மா ஜன்னலில் ஓடிய இருட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒருத்தரையும் இல்லை எண்டு சொல்லு" என்றார்.

சொன்னேன். அன்ரி அம்மாவின் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டார். அம்மாவும் இழுத்துக்கொள்ளவில்லை. என்னுடைய பிரெஞ்சு அன்ரிக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அதனால் இன்னொரு முறை, கொஞ்சம் உரத்து, ஒருவரையும் இல்லையாம் என்று திருத்தமாகச் சொன்னேன்.