சுவருக்கு அந்தப் பக்கம் தறி

அனுராதாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். வாய் திறக்காமல் இருக்கிறாளே, சாது போலிருக்கிறது என்று நினைத்து ஏமாந்தவர்களில் எங்கள் டாக்டரும் ஒருவர்.

திருத்தணியில் எங்கள் ஸ்கேன் சென்டர் இருக்கும் தெருவில் பாதி வீடுகளில் இரவும் பகலும் விசைத்தறி ஓடும். நான் சென்டரில் பில் போடுகிறவள். அவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். தறிக்காரர் வீட்டுப் பெண். சில வருடம் சென்னைக்கு ரயிலில் போய்வந்து அலுத்து, இங்கே வந்து சேர்ந்தாள். உள்ளூரில் இது மாதிரி இன்னொரு வேலை கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், டாக்டர் பாலசுப்பிரமணியனுக்கும் தெரியும்.

நாங்கள் எடுக்கும் ஸ்கேன் படங்களெல்லாம் பின்னறையில் இருக்கும் சர்வரில் சேரும். சர்வர் ஒருநாள் படுத்துவிட்டால் படங்களும் போய்விடுமே, அதற்காக அவள் சாயங்காலம் சென்டர் மூடியதும் எல்லாவற்றையும் இன்னொரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுக்கப் போட்டுவிட்டுப் போவாள். காலையில் வந்தால் பேக்கப் முடிந்திருக்கும். பொங்கல் கழிந்த பிறகு அது நொண்ட ஆரம்பித்தது. காலையில் நோயாளிகள் வந்து உட்கார்ந்த பிறகும் பாதிதான் எழுதியிருக்கும். சர்வர் நகலும் எடுத்துக்கொண்டு புதுப் படங்களையும் வாங்கிக்கொண்டு திணறும். படம் திறக்கவில்லை என்று டாக்டர் உள்ளே இருந்து சத்தம் போடுவார்.

அவள் விடவில்லை. கேபிளை மாற்றினாள். வேறு துளையில் சொருகினாள். வைரஸ் தேடும் மென்பொருளை நிறுத்திப் பார்த்தாள். புது டிஸ்கே வாங்கவைத்து, பழையது இருந்த அதே இரும்புத் தட்டில் வைத்தாள். அதுவும் அதே ஆமை வேகத்தில்தான் எழுதியது. சர்வரை விற்ற கம்பெனியிலிருந்து நவீன்குமார் என்ற இன்ஜினியர் வந்தார். சென்டருக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் ஞாயிறன்றுதான் வந்தார். அன்றைக்கு டிஸ்க் குதிரை மாதிரி ஓடியது. இன்னொரு ஞாயிறும் வந்தார், இன்னொரு தடவையும் ஓடியது. கருவியில் குறை இல்லை, கையாளுவதில் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர் அவளைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து கம்பெனிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள், நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். வேலை போவதைவிட அந்தக் கவனக்குறைவு என்ற வார்த்தைதான் அவளைச் சுட்டது. அன்று முழுக்க அவள் யாரிடமும் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தினார்கள். சர்வர் மட்டும் பேட்டரியில் ஓடியது. முடியாத பேக்கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுதும் வேகம் சட்டென்று ஏறியதைக் கண்டாள். கரண்டில்தான் கோளாறு என்று நினைத்து, மறுநாள் கரண்ட் இருக்கும்போதே சர்வரைப் பேட்டரிக்கு மாற்றிப் பார்த்தாள். வேகம் ஏறவில்லை. கரண்டில் கோளாறு இல்லை என்றால் நேற்று வேறு என்ன நின்றது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு நேத்து காது அடைச்சிகினு இருந்த மாதிரி இருந்துச்சுடி, அவ்ளோ அமைதி" என்றேன், பேச்சுக்குத்தான்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து போய் டிஸ்க் இருந்த இரும்புத் தட்டில் உள்ளங்கையை வைத்தாள். தட்டு சுவரில் முடுக்கியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கோதண்டத்தின் தறிக்கூடம். கோதண்டம் அவள் அக்காவைக் கட்டியவர். பொங்கலுக்குத்தான் அந்தச் சுவரை ஒட்டிப் புதிதாக இரண்டு தறி இறக்கியிருந்தார். தட்டு விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் துப்பட்டாவைப் பல மடிப்பாக மடித்து மடியில் வைத்து, ஓடுகிற டிஸ்கை அப்படியே எடுத்து அதன்மேல் வைத்தாள். விநாடிக்கு இருபது எம்.பி.க்குள் கிடந்த வேகம் நூறைத் தாண்டியது. தட்டில் திரும்ப வைத்தாள், விழுந்தது.

டிஸ்குக்குள் சுழலும் வட்டில் மயிரிழை அகலத்தில் எழுதுகிற முள்ளுக்கு அந்த ஆட்டத்தில் இடம் தவறுகிறது, தவறியதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறது என்று எனக்கு விளக்கினாள். ஞாயிற்றுக்கிழமை தறிக்கும் லீவு. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவள். அந்தச் சத்தம் அவள் காதில் விழுவதே இல்லை, விழுந்தால்தானே அதைச் சந்தேகப்படுவாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

டிஸ்கை மடியில் வைத்துக் காட்டினால் ஏதோ வித்தை என்பார் டாக்டர். அதனால் நேராகக் கோதண்டத்திடம் போனாள். நானும் கூடப் போனேன். வேலை நேரத்தில் தறியை நிறுத்து என்று யாரும் தறிக்காரரிடம் கேட்க மாட்டார்கள். சத்தம் என்று அக்கம்பக்கத்தார் கொடுத்த புகார்களில் அவர் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார்.

"பாவா, கொஞ்ச நேரம் எல்லாத் தறியும் நிக்கணும். நான் கை காட்டினதும் மறுபடி ஓட்டுங்க" என்றாள். என்னத்துக்கு என்று அவர் கேட்டதும், நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

அவர் நூலை முடிந்துகொண்டிருந்த கையை எடுத்தார். "உன்னக் கவனம் இல்லாதவன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? ஆங், நீ போய் அந்த டாக்டரக் கூட்டிகினு வந்து உக்கார வை. நான் நிறுத்தறேன்."

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்து திரைக்கு முன்னால் நின்றார். ஒவ்வொரு தறியாக நின்றது. தெருவே மூச்சை அடக்கியது போலிருந்தது. திரையில் எண் ஏறியது. ஜன்னல் வழியாக அவள் கை காட்டினாள், தறிகள் கிளம்பின, எண் விழுந்தது. இன்னொரு தடவை காட்டு என்றார் டாக்டர். கோதண்டம் இன்னொரு தடவையும் நிறுத்தினார்.

டாக்டர் முகம் தெளிந்தது. "விஷயம் சிம்பிள்மா. நகராட்சியில ஒரு புகார் குடுத்துடலாம். ஸ்கேன் சென்டர் பக்கத்துல எப்படித் தறி ஓட்டலாம்?"

அனுராதா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "நீங்க பாக்கணும்னுதாங்க அவரு ஓடுற தறிய நிறுத்தினாரு. அத வச்சி அவரு மேலயே எழுதுவீங்களா?"

அவள் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தாள்.

"தறி அங்கதான் இருக்கும். டிஸ்க்குதான் இடம் மாறணும். அடியில மெத்த போட்டு வச்சா டிஸ்க்கு சூடாயிடும். அந்தச் சுவரு ஒட்டாத ரூம் இந்தக் கட்டடத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதுங்க. உங்க ரூம்."

யாருடைய பொருளும் அந்த அறைக்குள் போனதில்லை. டாக்டர் தன் அறைக்குள் போய், அலமாரியில் வரிசையாக வைத்திருந்த தன் கேடயங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். இடம் காலியானதும் போனை எடுத்து நவீன்குமாரைக் கூப்பிட்டார்.

"நீங்க வர வேணாங்க. பாத்துக்க எங்ககிட்டயே ஆள் இருக்குது. நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அது தப்பு. தப்புன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று சொல்லி, போனை அனுராதாவிடம் நீட்டினார்.