மந்திரித்த முப்பது மாலைகள்

அல்போன்சம்மாளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியற்றவள் எங்கள் கண்டாங் கெர்பா வட்டாரத்தில் கிடையாது. அவள் தலையில் மண்ணைப் போட்ட யோசனையைச் சொன்னவளே நான்தான். ஆனாலும் ஆயா வேலை பார்த்த ஒரு கைம்பெண்ணைப் பற்றி வேறு யார் எழுதப்போகிறார்கள்? அதனால் பிரிஜட்டாகிய நானே எழுதுகிறேன்.

அவள் புருஷன் லாசரஸ் கல்லறைக் கற்களுக்கு மெருகு போடுகிறவன். கல்தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே 1908இல் செத்துப்போனான். மதலேன் என்று ஐந்து வயதில் ஒரு பெண். பிழைப்புக்காக அல்போன்சம்மாள் ஒரு துரை வீட்டில் ஆயாவாகச் சேர்ந்தாள். துரையின் பிள்ளைகளை நாள் முழுக்க இடுப்பில் சுமக்கலாம், சொந்தப் பிள்ளை அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மதலேனைக் கன்னியர் மடத்தில் விட்டாள். ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பாள். 

இரண்டு வருஷத்தில் துரை சீமைக்குக் கப்பலேறினான். வேலையும் போயிற்று. எங்கள் அடுப்படிக்குப் பின்னால் பாய் விரித்துக்கொண்டாள். மடத்துப் பெரிய சிஸ்டர் நல்ல மனுஷிதான், ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இம்மியும் நகரமாட்டாள். தனி அறையும் ஒரு பிழைப்பும் காட்டினால் பிள்ளையைக் கூட்டிப்போகலாம், பிப்ரவரி மாதாத் திருநாள்வரை பார்ப்போம், இல்லையென்றால் மலாக்கா மடத்துக்குப் போகும் பெண்களோடு அவளும் போவாள் என்று சொல்லிவிட்டாள்.

அன்றுதான் அல்போன்சம்மாள் கல்லைக் கையில் எடுத்தாள். சாங்கி கடற்கரையிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி வந்தாள். வெள்ளை, சாம்பல், ஈரல் நிறம், தேன் நிறம். புருஷன் செய்ததைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்த வேலை. முதலில் பருமணல், பிறகு பொடிமணல், பிறகு செங்கல்தூள், கடைசியில் எண்ணெய் தடவிய தோல். துளை போட வசதி இல்லை. அதனால் ஒவ்வொரு கல்லின் நடுவிலும் அரத்தால் ஒரு வரி கீறி, பித்தளைக் கம்பியால் கட்டிக் கோத்தாள். பத்துக் கல், ஒரு கம்பிச் சிலுவை, ஒரு சின்னச் செபமாலை. கையில் வளையல்போல் மாட்டிக்கொண்டு செபமும் சொல்லலாம். எட்டு மாதத்தில் முப்பது செய்தாள். விரல் நகமெல்லாம் தேய்ந்து, சோற்றைப் பிசையும்போது முகத்தைச் சுளிப்பாள்.

பக்கத்துத் தெரு மைமூனின் வீட்டு மாடியில் ஓர் அறையும் பேசி வைத்தாள். திருநாளன்று மாலைகளை விற்று முன்பணம் கொடுத்தால் சாவி கைக்கு வரும். மாலைகளைப் பார்த்தவர்கள் எல்லாரும் விலை கேட்டார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அழகப்பனின் மனைவி தங்கம் மட்டும் இரண்டு நாள் பேரம் பேசி, "கூழாங்கல்லுக்கு இவ்வளவா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அல்போன்சு, காலைப் பூசையில எல்லாத்தையும் சாமியார்கிட்ட குடுத்து மந்திரிச்சு வாங்கிடு. அப்புறம் பாரு, எவளும் விலை பேசமாட்டா" என்றேன்.

பூசை முடிந்ததும் கூடையை நீட்டினாள். சாமியார் ஒவ்வொரு மாலையின் மேலும் தீர்த்தம் தெளித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "இவ்வளவும் யாருக்கம்மா?" என்று கேட்டார்.

"விக்கறதுக்கு, சாமி."

சாமியாரின் முகம் வாடிவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? மந்திரிச்சதை விக்கக் கூடாதம்மா. சும்மா வேணா குடுக்கலாம்."

கோவில் முற்றத்தில் அவள் கூடையோடு நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். பிறகு வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"யாருக்குத் தெரியும்? வித்துடு. பிள்ளைக்காகத்தானே?"

"பிள்ளைக்காகத்தான்க்கா வேண்டாங்கறேன். தெரிஞ்சே பாவம் செஞ்சு அவளைக் கூட்டிட்டு வந்தா, அது அவ தலையில விடிஞ்சா நான் என்ன பண்ணுவேன்?"

சப்பரம் சுற்றி வந்தபோது கோவில் வாசலில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். இனாம் என்றதும் என்ன கூட்டம்! உதட்டைப் பிதுக்கிய தங்கம் மூன்று வாங்கிக்கொண்டாள். வரிசையாக வந்த மடத்துப் பெண்களும் கை நீட்டினார்கள். அந்த வரிசையில் மதலேன் இல்லை, பயணத்துக்குத் துணி மடிக்க அவளை மடத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். அந்தி சாய்வதற்குள் கூடை காலியானது.

மைமூன் அறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. அன்றிரவு வேறோர் அறைக்கு முன்பணம் கேட்டு என் கணவரிடம் கெஞ்சினேன், அழுதேன், சண்டை போட்டேன். எங்களிடமும் இருந்தால்தானே கொடுப்பதற்கு.

திங்கள் காலை மடத்து வாசலில் குதிரை வண்டி நின்றது. புதுக் கவுனில், தலையை ஒட்ட வாரி, மதலேன் வந்தாள். எட்டு வயது. அழவில்லை. அல்போன்சம்மாள் குனிந்து அவள் கவுன் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏறியிருந்த பெண்களின் கைகளில் பளபளவென்று கல்மாலைகள்.

"அம்மா, நீ செஞ்சதுன்னு எல்லாரும் போட்டிருக்காங்க. எனக்கு?"

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தவள் ஒன்றைக்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறாள், வந்த பிறகு செய்து போடலாம் என்று எட்டு மாதமும் நினைத்திருந்தாள். இப்போது வெறும் கையை விரித்துப் பார்த்தாள், மூடினாள். 

மதலேன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பரவாயில்லைம்மா. அங்க போனா சிஸ்டரம்மா குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தானே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.