புளியமரத்து விங்கர்

நிழலுக்கு ஆசைப்பட்டு ஊருக்குச் சேரவேண்டிய ஆட்டுக்கிடாவைத் தொலைத்த மடையன் நான்.

ஸ்காட்லாந்து கால்பந்து விங்கர் ஒருத்தர் ஓய்வு பெற்றாராம். அவர் கோட்டோரம் ஓடுவதை இன்று போனில் பார்த்ததும், மாதா கோவில் மைதானத்தின் சுண்ணாம்புக்கோடு மூக்கில் நெடியடித்தது.

பல வருடம் முன்பு அனந்தபுரத்து அணியோடு திருவிழா ஃபைனல், ஜெயிக்கிற ஊருக்கு ஆட்டுக்கிடா. நான் வலது விங். என் பக்கம் மட்டும் புளியமரம். இடைவேளையில் பக்கம் மாறியதும் என் இடம் எதிர் வெயிலுக்குப் போனது, நான் நிழலை விட்டுப் போகவில்லை. கடைசி நிமிடம், ஒரு கோல் அடித்தால் ஜெயிப்போம். கேப்டன் ஆரோக்கியம் அண்ணன் என்னை நம்பி வலப்பக்கம் தட்டிய பந்து, ஆளில்லாமல் உருண்டு வெளியே போனது. கிடாவும் போனது. அழுத எனக்கு அண்ணன்தான் கலர் சோடா வாங்கித் தந்தார்.

வீடியோவைப் பார்த்த உடனே அவருக்கு போன் போட்டேன். “அண்ணே, நம்மள மாதிரியே ஒரு விங்கர் ரிட்டயர் ஆயிட்டாரு.”

“இன்னாடா, இன்னும் நிழல்லதான் நிக்கிறியா?”