பனிவண்டிக்குப் போன பம்ப்செட் பேரிங்

இந்த ஊரில் பச்சைத் தண்ணீரில் குளிக்க ஆசைப்பட்டால் முந்தின நாளே திட்டம் போட வேண்டும். கூரைத் தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் தண்ணீர் அரிசி போட்டால் வெந்துவிடும் சூட்டில் இருக்கும். அதைப் பக்கெட்டில் பிடித்து, ஏசி ரூமின் மூலையில் ஆறவைத்து, மறுநாள் குளிப்போம். அபுதாபியிலிருந்து ருவைஸ் போகும் சாலையோரம் எங்கள் கேம்ப். பதினாறு பேர், பெயர் எழுதிய பதினாறு பக்கெட்டுகள். லாரி கொண்டுவந்து கீழ்த்தொட்டியில் கொட்டும் தண்ணீரை மேலே ஏற்ற ஒரே ஒரு மோட்டார். அந்த மோட்டாருக்கு நான் செய்த துரோகத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களை விசாவில் எடுத்த கஃபீலை அர்பாப், அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம். கோடையில் ஐரோப்பா போனவர், திரும்பும்போது ஒரு பனிவண்டியை வாங்கி வந்தார். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல் சுழலும் ரப்பர் பட்டை. பனியில் ஓட வேண்டியதை மணல்மேட்டில் ஓட்டினார். இரண்டே வாரத்தில் அது ஆட்டுக்குட்டி போலக் கத்த ஆரம்பித்தது.

"துமாரா இந்தியா மே கஷ்மீர் ஹை. தும் ஜான்தா ஹை" என்றார் என்னிடம். உங்கள் இந்தியாவில் காஷ்மீர் இருக்கிறதே, பனிவண்டி உனக்குத் தெரிந்திருக்கும் என்று அர்த்தம். காஷ்மீருக்கும் எனக்கும் உள்ள தூரத்தை விளக்க எனக்குத் தெரிந்த இந்தி போதாது. தலையை ஆட்டினேன். பம்பாய் இன்டர்வியூவில் "எல்லா மெஷினும் தெரியும்" என்று ஆட்டிய அதே தலை. அடுத்து அவர் சொன்னது மட்டும் தெளிவாகப் புரிந்தது. வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். வண்டி ஓடினால் சனிக்கிழமை நான் லீவில் போகலாம். ஓடாவிட்டால், "சுட்டி மாஃபி," லீவு கிடையாது.

பாஸ்போர்ட் அவர் அலமாரியில். கோயமுத்தூரில் என் மகளுக்கு இன்னும் முதல் மொட்டை போடவில்லை. நான் இங்கே வந்தபின் பிறந்தவள். அப்பா வந்துதான் மருதமலையில் முடி எடுக்க வேண்டும் என்று என் மனைவி சரசு பிடிவாதமாக இருக்கிறாள். "முடி கண்ணை மறைக்குதுங்க, நடக்கையில கதவுல முட்டிக்கறா" என்று கடிதம். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கே எதிரில் இருப்பது சரியாகத் தெரியவில்லை.

வண்டியைப் பிரித்தேன். பட்டையைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் பேரிங் தேய்ந்து, கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. வண்டியோடு வந்த பெட்டியில் புதிதாக ஒன்று இருந்தது. மூடியில்லாத பேரிங். கோயமுத்தூரில் பதினைந்து வருடம் பம்ப்செட் பட்டறையில் இருந்தவன் நான். தண்ணீர் நுழையக் கூடாதென்று கிரீஸை வழிய வழிய அப்புவதுதான் எங்கள் கைப்பழக்கம். அப்படியே அப்பி மாட்டினேன். வியாழன் காலை அர்பாப் மூன்றாவது மேட்டைத் தாண்டவில்லை. கிரீஸ் மணலை எல்லாம் வரவேற்று உட்கார வைத்து, பேரிங்கை அம்மி போல் அரைத்திருந்தது. அர்பாப் இறங்கி வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். கக்கூஸுக்குப் போய் உட்கார்ந்து, இல்லாத வயிற்றுவலிக்கு அரைமணி நேரம் ஒதுக்கினேன்.

தலைக்கு மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மோட்டார் ஓடுகிறது. அதற்குள் இருப்பதும் இதே அளவு பேரிங். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டது, மணல் நுழையாது. ஊரிலிருந்து என் பெட்டியில் கொண்டுவந்து நானே மாட்டியது.

மோட்டாரைக் கழற்றும்போது மெஸ் சமையல்காரர் காதர் பாய் கரண்டியோடு வந்தார். கீழக்கரைக்காரர்.

"ஏப்பா மெக்கானிக்கு, அந்தாளு மணல்ல சறுக்கி வெளையாட, பதினாறு பேரு தண்ணி சொமக்கணுமா?"

"ஒரு மாசந்தான் பாய். லீவு முடிஞ்சு வரைல புதுசு கொண்டாந்து மாட்டீர்றனுங்க."

"ஸ்டோர்ல எழுதிப் போட்டா வராதா?"

"போன வருசம் எழுதிப் போட்ட பல்பே இன்னும் வரலீங்களே."

பாய் கரண்டியைக் கீழே இறக்கினார். "புள்ள முடி கண்ண மறைக்குதுன்னியே, அதுக்காக விடுறேன். அர்பாபுக்காக இல்ல. பேரிங்கு இல்லாம வந்தே, ஒன் பக்கெட்டுலதான் மீன் கழுவுவேன்."

வெள்ளிக்கிழமை வண்டி ஓடியது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். "ஷாபாஷ், கஷ்மீரி!" என்று அர்பாப் என் முதுகில் அடித்தார். அந்த முதுகு காலையிலிருந்து ஏணியில் தண்ணீர் தூக்கிய முதுகு. வலித்தது. பல்லைக் காட்டினேன்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள், மருதமலை போகும் வழியிலேயே கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி பேரிங்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க, மொட்டையடிக்கற நாள்ல இரும்பைத் தூக்கிட்டு! நாளைக்கு வாங்கக் கூடாதுங்களா?" என்றாள் சரசு. மறந்துவிடுவேன் என்று பயம் என்றேன். அந்தக் கேம்பையே மறந்துவிடத்தான் ஆசை என்பதைச் சொல்லவில்லை.

மகள் என்னைப் பார்த்து அழுதாள், நாவிதரிடம் சமத்தாக உட்கார்ந்தாள். முடி இறங்கியதும் "தண்ணி ஊத்துங்க" என்றார் அவர். குழாயடியில் சொம்பில் தண்ணீர் மொண்டு, அவள் தலைக்கு மேல் கொண்டுபோனவன் சட்டென்று இழுத்துக்கொண்டேன். விரலை விட்டுப் பார்த்தேன்.

"கொழாத் தண்ணிதானுங்க, சுடாது" என்று சிரித்தாள் சரசு.

ஊற்றினேன். குளிரில் சிலிர்த்த குழந்தை, பிடிக்க வேறு எதுவும் இல்லாமல் என் விரலைப் பிடித்தாள். குனிந்திருந்த என் நெஞ்சில் பேரிங் இடித்தது. இந்நேரம் காதர் பாய் எத்தனையாவது வாளியோடு ஏணியில் நிற்கிறாரோ என்று நினைத்தபடி, அடுத்த சொம்பைப் பாதி மட்டும் மொண்டேன்.