வலது தோள் துண்டு

சபையில் எதிர்க்கட்சியைவிட எங்கள் கட்சிக்கு இரண்டே பேர்தான் கூடுதல். பிரெஞ்சுக்கொடி இறங்கிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. காகிதமெல்லாம் இன்னமும் பிரெஞ்சில் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதில் ஓர் எழுத்து ஓடாது. பின்வரிசையில் என்னைப் போல இன்னும் நாலு பேர்.

ஓட்டு நேரத்தில் எங்களையெல்லாம் ஒன்றாகப் பிடித்து வைக்கத் தலைவருக்கு ஒரு கொறடா தேவைப்பட்டது. என்னைத்தான் கூப்பிடுவார் என்று நம்பியிருந்தேன். தேர்தலில் முத்தியால்பேட்டை முழுக்க வீடுவீடாக ஏறி இறங்கியவன் நான். அவர் கூப்பிட்டது உப்பளத்துக்காரரை. உப்பளம் தொகுதியில் ஜெயித்தவர், பிரெஞ்சு படித்தவர். முன்வரிசையில், தலைவரின் காதுக்குப் பக்கத்தில் இடம். தலைவர் குனிந்து ஏதோ சொல்வார், இவர் சிரிப்பார். என்னைப் பற்றித்தானோ என்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் எரியவும் எரியும்.

உப்பளத்துக்காரர் இடது தோள் துண்டை வலது தோளுக்கு மாற்றினால் நாங்கள் கை தூக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. என் பின்னால் இருந்த நால்வருக்குத் தூண் மறைக்கும். அவர்கள் என் கையைப் பார்த்துத் தூக்குவார்கள்.

ஒரு சித்திரை மதியம். தெருக்குழாய் விஷயத்தில் எதிர்க்கட்சி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உப்பளத்துக்காரர் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டு, ஞாபகமில்லாமல் துண்டை வலது தோளில் போட்டார். சைகை காட்டும்போது துண்டின் நுனியை ஒரு தட்டுத் தட்டுவது அவர் வழக்கம். அன்று தட்டவில்லை. அது வெறும் வேர்வை என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தே கையைத் தூக்கினேன். மாட்டிக்கொள்ளட்டும்.

பின்னால் நாலு கைகள் எழுந்தன. எதிர்க்கட்சிக்காரர்களே வாய் பிளந்தார்கள். திருத்தம் நிறைவேறிவிட்டது. ஆட்சியே போய்விடுமோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெளியே தாழ்வாரத்தில் தலைவர் எங்கள் இருவரையும் நிறுத்தினார். "அவருதாங்க துண்ட மாத்துனாரு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உப்பளத்துக்காரர் முந்திக்கொண்டார்.

"என் தப்புதான் தலைவரே. வேர்வ தொடச்சி அப்படியே போட்டுட்டேன். இவுரு மேல ஒண்ணுமில்ல."

அந்தப் பழியைக்கூட அவர்தான் அழகாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

தலைவர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சபையில நீ வேற எங்கயும் பாக்க மாட்டியேப்பா, இவுரு மூஞ்சியத்தான பாத்துக்கினு இருப்ப. வேர்வ தொடைக்கிறது எது, சைகை எதுன்னு ஒனக்கா தெரியல?"

நான் என் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"செரி, இனிமே துண்டு வாணாம். நாம கை தூக்குற ஓட்டு வந்தா இவுரு திரும்பி ஒன்னயப் பாப்பாரு. நீ கையத் தூக்கு."

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. ஒவ்வோர் ஓட்டுக்கும் அவர் திரும்பி என் கண்ணைப் பார்ப்பார், லேசாகச் சிரிப்பார். நான் கை தூக்குவேன். அன்று நான் வேண்டுமென்றே தூக்கியதைத் தெரிந்துகொண்டுதான் சிரிக்கிறாரா என்று சபை கலையும்வரை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.