அருந்ததி அளந்த வெள்ளை

வீட்டுக்குள் சினிமாத் திரை அமைத்துக் கொடுக்க ஆள் வருகிறது என்றால் எல்லோரும் ஓர் ஆணைத்தான் எதிர்பார்ப்பார்கள். சண்டிலிப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கும் அருந்ததியைக் கண்டதும், "வேலை செய்யிற ஆள் பின்னாலை வாறாரோ?" என்று கேட்டவர்கள் உண்டு. "நான்தான் அந்த ஆள்" என்று சொல்லிவிட்டு அவள் பையைத் திறப்பாள். உள்ளே கறுப்புத் துணி, அளவு நாடா, மடக்கு முக்காலி, ஒளியையும் நிறத்தையும் அளக்கிற உள்ளங்கை அகல மீற்றர். ஏணியை மட்டும் அந்தந்த வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

வயது நாற்பத்தொன்று. தகப்பன் புகையிலையும் பீற்றூட்டும் போட்ட தோட்டக்காரர். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் சேர்ந்து, பதினொரு வருடம் கல்யாண அல்பங்களில் நிறம் திருத்தினாள். ஒரே பெண்ணின் முகம் மணவறையில் ஒரு நிறம், மண்டபத்து விளக்கில் ஒரு நிறம், வாசல் வெயிலில் ஒரு நிறம். மூன்றையும் ஒரே ஆளாக்குவதுதான் அவள் வேலை. பிறகு முதலாளி புதிதாக ஒரு கணினித் திரை வாங்கினார். அது நீலத்தைக் கூட்டிக் காட்டியது. அதைப் பார்த்து அவர் திருத்திய அல்பமெல்லாம் அச்சில் மஞ்சள் பூசியதுபோல் வந்தன. அருந்ததி அதைச் சொன்னாள். "எனக்கென்ன கண் தெரியாதோ?" என்றார் அவர். அடுத்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்தது அட்டை வெட்டுகிற வேலை மட்டும். இரண்டு மாதம் வெட்டிப் பார்த்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூட மண்டபங்களுக்கும் தேவாலய மண்டபங்களுக்கும் புரொஜெக்டர் பொருத்திப் பூட்டப் பழகி, மெல்ல மெல்ல வீடுகளுக்கும் போகத் தொடங்கினாள். அப்படித்தான் போன பங்குனியில் கொக்குவிலில் துரைராஜாவின் வீட்டுக்கு வந்தாள்.

துரைராஜா ஓய்வுபெற்ற நில அளவையாளர். முப்பத்து நாலு வருடம் வலிகாமப் பகுதி முழுக்கக் காணி அளந்தவர். அவள் போய்ச் சேர முன்னரே சுவரிலும் கூரைத் தட்டிலும் பென்சிலால் கோடு கீறி வைத்திருந்தார். திரையின் நடு, புரொஜெக்டர் தொங்க வேண்டிய இடம், இரண்டுக்கும் இடையிலான தூரம் எல்லாம் மில்லிமீற்றரில் எழுதியிருந்தது. அருந்ததி தன் நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு மயிரிழை பிசகில்லை.

"சேர், இப்பிடி ஒரு வீட்டிலை நான் வேலை செய்ததே இல்லை," என்றாள்.

"பூட்டினாப்பிறகு படத்தை இழுத்து வளைச்சுச் சரிக்கட்டுற வேலை எனக்குப் பிடிக்காது, பிள்ளை. முதலே நேராய் இருக்கவேணும்."

அவருடைய மனைவி நேசமலர் தேத்தண்ணி கொண்டுவந்தார். புரொஜெக்டரைப் பூட்டி, யன்னல்களுக்கு இரட்டைத் திரைச்சீலை இழுத்துவிட்டு, விளக்கு சூடேறி நிலைப்படட்டும் என்று அரை மணித்தியாலம் விட்டார்கள். பிறகு அருந்ததி முக்காலியில் மீற்றரை வைத்துத் திரையின் வெள்ளையை அளந்தாள். நீலம் சற்றுக் கூடியிருந்தது. குறைத்தாள். பச்சையை ஒரு புள்ளி இறக்கினாள். மீற்றரில் மூன்று நிறத்தின் அளவும் ஒரே கோட்டில் வந்து நின்றபோது அவளுக்கு வழக்கமாக வரும் சின்னச் சந்தோசம் வந்தது.

பிறகு எழுத்துகள் கொண்ட சோதனைப் படம் ஒன்றைப் போட்டாள். துரைராஜா கதிரையில் முன்னுக்குச் சரிந்து பார்த்தார். "போக்கஸ் சரியில்லை. எழுத்தைச் சுத்திப் பனி மாதிரிக் கிடக்கு."

ஏறிப்போய் லென்ஸைத் திருப்பிப் பார்த்தாள். எழுத்து கத்திபோல் நின்றது.

"இப்ப, சேர்?"

"அப்பிடியேதான். வெள்ளையும் பழுப்படிச்சுக் கிடக்கு. கடையிலை பார்க்கேக்கை பளிச்செண்டு இருந்தது."

"எனக்கு நல்லாத்தானே தெரியுது," என்றார் நேசமலர்.

"உனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

அருந்ததி இன்னொரு சோதனைப் படத்தைப் போட்டாள். கறுப்பிலிருந்து மெல்ல மெல்லச் சாம்பலாகிப் போகும் பத்துப் பட்டைகள். இருட்டான இடங்களில் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கிற படம் அது.

"எத்தினை பட்டை தெரியுது, சேர்?"

"அஞ்சு."

"ஒன்பது," என்றார் நேசமலர், கேட்காமலே. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

அருந்ததிக்கு விசயம் விளங்கிவிட்டது. றிமோட்டில் ஒரு பொத்தான் அமத்தினால் கடைகளில் ஆளை இழுக்க வைக்கிற அந்தப் பளிச்சென்ற நீல வெளிச்சம் வந்துவிடும், மனிசன் சந்தோசப்படுவார், அவளும் பையைக் கட்டிக்கொண்டு போகலாம். அட்டை வெட்டிய இரண்டு மாதம் அவளுக்கு மறந்து போகவில்லை. என்றாலும் வாய் கேட்கவில்லை.

"சேர், கோவிக்கக் கூடாது. கடைசியாய் எப்ப கண்ணை டொக்டரிட்டைக் காட்டினனீங்கள்?"

"ஏன்?"

"எழுத்தைச் சுத்திப் பனி தெரியிறது புரொஜெக்டரிலை இல்லை எண்டு நினைக்கிறன். கண்ணிலை வெண்படலம் விழுந்தாலும் உப்பிடித் தெரியுமாம். ஒருக்கால் காட்டிப்போட்டு வாங்கோவன்."

துரைராஜா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "பிள்ளை, இந்தக் கண்ணாலை எத்தினை வேலி வழக்குத் தீர்த்திருக்கிறன் தெரியுமோ? காணிக்காரர் ரெண்டு பக்கமும் நிண்டு கத்துவினம். கருவியிலை என்ன கிடக்கோ அதுதான் எண்டு சொல்லிப்போட்டு வருவன்."

அதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் அவர் முக்காலியில் இருந்த மீற்றரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சொல்லுற மாதிரி வைச்சிட்டுப் போம்," என்றார்.

அவள் இரண்டு விதமாகவும் பதிந்து வைத்தாள். ஒன்றாம் நம்பரில் அவர் கேட்ட பளிச்சென்ற வெளிச்சம். இரண்டாம் நம்பரில் அவள் அளந்த வெள்ளை. எது எதுவென்று நேசமலருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வழியனுப்பப் படலை வரைக்கும் துரைராஜா வரவில்லை.

வீட்டுக்கு வந்து கணவன் பார்த்தீபனிடம் சொன்னபோது, "இனி அந்தப் பக்கம் ஒருத்தரும் உன்னைக் கூப்பிடமாட்டினம்," என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன விதத்தில் பிழையோ என்று இரண்டு மூன்று நாள் யோசித்தாள். பிறகு தொண்டைமானாற்றில் ஒரு வேலை, மானிப்பாயில் ஒரு வேலை என்று அது பின்னுக்குப் போனது.

ஆறு வாரம் கழித்து ஒரு காலை நேசமலர் தொலைபேசியில் வந்தார்.

"நீர் போனாப்பிறகு மூண்டு நாள் அவர் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை, பிள்ளை. நாலாம் நாள் தானாய் வந்து கேட்டார், 'மெய்யாய் உனக்கு ஒன்பது தெரிஞ்சதோ?' எண்டு. ஓம் எண்டன். ஒரு வருசமாய்ப் பொழுதுபட்டால் மோட்டச்சைக்கிள் எடுக்கிறேல்லை. கேட்டால், முன்னுக்கு வாறவன்ரை லைற் கூசுது எண்டுதான் சொல்லுவார். இப்ப வலது கண் ஒப்பரேசன் முடிஞ்சுது. உம்மை ஒருக்கால் வரச் சொல்லுறார்."

அருந்ததி அன்று பின்னேரமே போனாள். துரைராஜா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் இருந்தார். திரையில் வெறும் வெள்ளை. ஒரு கண்ணைப் பொத்துவார், பார்ப்பார். மற்றதைப் பொத்துவார், பார்ப்பார்.

"வாரும், பிள்ளை. இடது கண்ணிலை தேத்தண்ணி, வலது கண்ணிலை பால். ரெண்டும் ஒரே சுவர். மற்றக் கண்ணுக்கு அடுத்த மாதம் செய்யினம்."

"இப்ப எந்த நம்பரிலை கிடக்கு, சேர்?"

"ரெண்டிலை. ஒண்டைப் போட்டால் ஐஸ்பெட்டிக்குள்ளை தலையை விட்ட மாதிரிக் கிடக்கு. அதை நானோ கேட்டனான்?"

"நீங்களேதான்!" என்று நேசமலர் குசினி அடுப்படியிலிருந்து சத்தம் வைத்தார்.

துரைராஜா சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, "அண்டைக்கு நான் உம்மோடை கதைச்ச விதம் சரியில்லை," என்றார். ஸ்ரூடியோ முதலாளியிடமிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று அருந்ததி ஒரு காலத்தில் காத்திருந்ததுண்டு. வந்தது வேறொரு வாயிலிருந்து. "பரவாயில்லை, சேர்," என்று மட்டும் சொல்லி, மீற்றரை எடுக்கக் குனிந்தாள்.

"அது பிறகு. முதல் இதைப் பாரும்." அவர் படத்தைக் கறுப்புக்கு மாற்றினார். "மேலை, வலது மூலையிலை. ஒரு மங்கல் வெளிச்சப் பொட்டு."

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரைக்குக் கிட்டப் போய், கையால் பக்கத்து வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தாள். இருந்தது. லென்ஸில் ஒட்டிய தூசு. பூட்டிய அன்று அவள் கண்ணுக்குத் தப்பிய பொட்டு.

"நான் காணேல்லை, சேர்," என்றாள்.

"ஏணி பின் விறாந்தையிலை கிடக்கு. நான் பிடிக்கிறன், நீர் ஏறும்."

அவள் ஏறி, மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்தாள். கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி, இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு துரைராஜா திரையைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு," என்றார். "இன்னொருக்கால் துடையும்."