யமுனாவுக்கும் ஒரு டப்பா

யமுனா என்றொரு தோழி தங்கள் மகளுக்கு இருப்பதாக அந்தக் குடும்பம் நம்பியது. அப்படி ஒருத்தி இல்லை. இருக்கிறாள் என்று பொய்ச்சாட்சி சொன்னவள் நான்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் நூலகர் நான். உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

கயல்விழி ஒன்பதாம் வகுப்பின் நடுவில் வந்து சேர்ந்தவள். அவள் படிப்புக்காகத் தொட்டியத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். வகுப்பில் அவளோடு பேச யாருமில்லை. மதிய இடைவேளையில் நூலகத்தின் கடைசி மேசைக்கு வந்துவிடுவாள். வருகைப் பதிவேட்டில் தன் பெயரை எழுதுவாள். அதன் கீழே, இடப்பக்கம் சாய்ந்த வேறொரு கையெழுத்தில், 'யமுனா' என்று எழுதுவாள். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவாள், பதிலுக்குக் காத்திருப்பாள்... சில நாள் சிரிப்பாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தோழிக்கும் சேர்த்து அவள் அம்மா இரண்டு டப்பா கொடுத்தனுப்பினார். இரண்டுமே ஜன்னலுக்கு வெளியே காக்கைகளுக்குப் போயின. கயல்விழியின் கைக்கடிகாரம் மணிக்கட்டில் நில்லாமல் முழங்கைப் பக்கம் நழுவத் தொடங்கியது. தலைவலி, உறக்கமின்மை. ஒருநாள் அம்மா அவளை அழைத்துக்கொண்டு நூலகத்துக்கே வந்தார்.

"ஸ்கூல்ல இவ தனியா இருக்காளான்னு புத்தூர்ல டாக்டர் கேக்குறாரு டீச்சர். அதான் யமுனா இருக்காளேன்னேன். நீங்க பாத்திருக்கீங்கல்ல?"

அம்மாவின் தோளுக்குப் பின்னால் கயல்விழியின் கண்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தாங்க இருப்பாங்க" என்றேன்.

"அப்ப இவ சோத்தையும் அந்தக் குட்டிதான் முழுங்குறா போல!" அம்மா நிம்மதியாகச் சிரித்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இரக்கம் என்று வெகுநாள் என்னை நானே நம்பவைத்தேன். உண்மை அதைவிடச் சிறியது. அந்த அறையில் பல வருடங்களாகத் தனியே சாப்பிட்டவள் நான். விஷயம் வெளிப்பட்டால் அவள் வருவது நின்றுவிடும்... அதற்கு எனக்கு மனமில்லை.

அம்மா வந்துபோன மூன்றாம் வாரம், காலை வணக்கக் கூட்டத்தில் அவள் மயங்கி விழுந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா அழைத்தார். "யமுனாவைக் கூட்டிட்டு வாங்க டீச்சர். அவ வந்தாத்தான் சாப்பிடுவேங்கிறா."

தனியாகத்தான் போனேன். கயல்விழி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கதவருகே பார்த்தாள். கட்டிலில் மெல்ல நகர்ந்து இடம்விட்டாள்.

"வாடி" என்றாள்.

அம்மா கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வராந்தாவில் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

அவள் பிழைத்தாள். தொட்டியத்துக்கே அழைத்துப் போய்விட்டார்கள். இப்போது தேறி வருகிறாளாம். அவளிடமிருந்த நூலகப் புத்தகத்தை அப்பா திருப்பிக் கொடுத்தபோது, உள்ளே ஒரு சீட்டு இருந்தது. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து: 'நான் ஊருக்குப் போகவில்லை.'

இப்போதும் மதியத்தில் டப்பாவைத் திறக்குமுன் எதிர் நாற்காலியை இழுத்துவிடுகிறேன். கயல்விழி வருவதில்லை. அந்த மேசையில் நாங்கள் இருவர் இருக்கிறோம்.